தெற்கே தாழ்ந்து நிற்பது அகத்தியர் மீனா? அருகில் தெரிந்த சிலுவை எது?

மடிப்பாக்கம்_மாடிவீடு | மார்ச் 2, காலை 9:40

அனைவருக்கும் வணக்கம். வானியலில் எனக்குப் பயிற்சி இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

இந்தக் குளிர்காலம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் மொட்டைமாடியில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. தை மாதத்திலிருந்தே தெற்குப் பக்கத்தில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், வெள்ளையாக ஒரு பெரிய நட்சத்திரம் தெரிகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் அப்பா, அதைப் பார்த்தவுடனே, "இவர்தானே அகத்தியர், நம் ஊரில் இதைவிட உயரமாக நிற்பார்" என்றார். ஊர்ப்பாசத்தில் சொல்கிறார் என்று நான் சிரித்துக்கொண்டேன். மகனோ, ஒரே நட்சத்திரம் ஊருக்கு ஊர் எப்படி உயரம் மாறும் என்று கேட்டுத் துளைக்கிறான்.

இரண்டாவது சந்தேகம் வேறு. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை இரவு பத்து மணியளவில் திருவான்மியூர் கடற்கரையில் இருந்தோம். கரையோடு நேர் தெற்கே பார்த்தபோது, அந்தப் பெரிய நட்சத்திரத்துக்கு இடப்புறமாக நான்கு நட்சத்திரங்கள் சிலுவை போல் சாய்ந்து நின்றன. இதுதான் ஆஸ்திரேலியக் கொடியில் இருக்கும் தெற்குச் சிலுவை என்று என் கணவர் உறுதியாகச் சொல்கிறார். கைப்பேசிச் செயலியோ ஒரு தடவை 'கரீனா' என்றது, அடுத்த தடவை 'வேலா' என்றது, அதற்கடுத்து திசைகாட்டி சுழன்று எங்களை வடக்கே திருப்பிவிட்டது.

அப்பா சொன்னது சரியா, கணவர் சொன்னது சரியா என்று தெரிந்தவர்கள் விளக்கினால், வீட்டில் அமைதி திரும்பும்.

---

தென்வானம்_பார்ப்பவன் | மார்ச் 2, இரவு 10:15

அம்மா, வணக்கம். உங்கள் அப்பா சொன்ன இரண்டும் சரி. உங்கள் கணவர் சொன்னதுதான் சரியில்லை. ஆனால் அவர் வருத்தப்பட வேண்டியதில்லை. சென்னையில் வானம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் இரண்டு ஆண்டுகள் அதே நால்வரைத் தெற்குச் சிலுவை என்று நினைத்துப் பிறருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் பெரியவர் காட்டிய மீன். அதன் அனைத்துலகப் பெயர் கனோபஸ், அரபு வழக்கில் சுஹைல், நம் வழக்கில் அகத்தியர் மீன். இரவு வானின் விண்மீன்களில் சிரியஸுக்கு அடுத்தபடி மிகப் பிரகாசமானது இதுதான். இதன் பொலிவெண் சுமார் மைனஸ் 0.7. பொலிவெண் குறையக் குறைய ஒளி கூடும் என்பதால், சுழியத்துக்கும் கீழே இறங்கிய எண் என்றால் நகர வெளிச்சத்தைத் தாண்டியும் கண்ணில் படும் மீன் என்று பொருள். உறுதி செய்துகொள்ள எளிய வழி இருக்கிறது. ஓரையன் என்ற வேட்டைக்காரன் உருவ விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சையில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களைப் பிடித்து, அந்தக் கோட்டை இடப்புறமாகக் கீழே நீட்டினால் சிரியஸ் வரும். சிரியஸிலிருந்து தெற்கே, ஏறத்தாழ செங்குத்தாக, 36 பாகை இறங்கினால் கனோபஸ் வரும். கையை முழுதாக நீட்டி விரித்துப் பிடித்த ஒரு சாண் சுமார் 20 பாகை என்பதால், இரண்டு சாணுக்குச் சற்றுக் குறைவான தொலைவு அது.

சிரியஸ் அவ்வளவு ஒளிர்வதற்குக் காரணம் அது 8.6 ஒளியாண்டு தொலைவில் பக்கத்து வீட்டில் இருப்பதுதான். கனோபஸோ சுமார் 310 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருந்துகொண்டு இந்த அளவுக்கு ஒளி அனுப்புகிறது. சூரியனைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் ஒளி உமிழும், விட்டத்தில் எழுபது மடங்கு பெரிய, வயதேறிய பெருமீன் அது. எனக்குக் கேட்டால் இரண்டாமிடத்தில் நிற்பவருக்கே என் ஓட்டு.

அடுத்து, ஊருக்கு ஊர் உயரம் மாறுவது பற்றி உங்கள் மகன் கேட்ட கேள்வி. கனோபஸ் வான நடுக்கோட்டுக்கு 52.7 பாகை தெற்கே இருக்கிறது. ஓர் ஊரில் அது நேர் தெற்கே வந்து நிற்கும்போது எட்டும் உயரத்தைக் காண, 90-இலிருந்து அந்த 52.7-ஐயும் ஊரின் அட்சரேகையையும் கழித்தால் போதும். சென்னையின் அட்சரேகை சுமார் 13 என்பதால் 24 பாகை சொச்சம் வரும். அம்பாசமுத்திரம் 8.7 பாகையில் இருப்பதால் அங்கே 28.6 பாகை. டெல்லியில் ஒன்பது பாகைகூட இல்லை. வடக்கே மேலும் போனால் அடிவானத் தூசியிலேயே கரைந்துவிடும். விந்தியத்தைத் தாண்டித் தெற்கே வந்த முனிவரின் கதையை இந்த மீனோடு சேர்த்தவர்கள், வடக்கிலிருந்து தெற்கே நடந்துவந்தபோது அது நாளுக்கு நாள் மேலெழுவதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் சொந்த ஊகம்.

கிரேக்கரான பொசிடோனியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் இதே மாற்றத்தை வைத்துத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ரோட்ஸ் தீவில் கனோபஸ் அடிவானத்தைத் தொட்டு மறைகிறது, அலெக்சாந்திரியாவில் வட்டத்தில் 48-இல் ஒரு பங்கு உயரம் எழுகிறது, ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள தொலைவின் 48 மடங்கு பூமியின் சுற்றளவு என்பது அவர் வாதம். உங்கள் மகனிடம் கணிதப் பெட்டியில் கோணமானி இருக்குமல்லவா? அதன் நேர்விளிம்பில் ஒரு உறிஞ்சுகுழாயை ஒட்டி, மையத்தில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு, குழாய் வழியாக மீனைப் பார்த்தால் நூல் காட்டும் கோணத்திலிருந்து உயரம் கிடைத்துவிடும். ஊரில் உறவினர் யாராவது அதே மாலையில் அளந்து சொன்னால், பொசிடோனியஸ் செய்ததை அவனே செய்து பார்க்கலாம். இந்த வாரம் கனோபஸ் இரவு ஏழே முக்காலை ஒட்டி நேர் தெற்கில் நிற்கும். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே போகும்.

இப்போது சிலுவைக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது 'பொய்ச் சிலுவை'. அதன் நான்கு மீன்களில் இரண்டு கரீனா என்ற விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவை, இரண்டு வேலா மண்டலத்தைச் சேர்ந்தவை. ஆகவே உங்கள் செயலி உளறவில்லை, நீங்கள் கைப்பேசியைச் சற்று அசைத்ததும் எல்லையைத் தாண்டியிருக்கிறது. கரீனாவின் இரண்டில் ஒன்று அவியோர். பிப்ரவரி முடிவில் இரவு பத்தரைக்குச் சிலுவை நேர் தெற்கில் நிற்கும்போது வலப்புறக் கீழ்மூலையில் இருப்பது அதுதான். கூர்ந்து பார்த்தால் அது மட்டும் செம்மஞ்சளாக இருக்கும். மற்றொன்று இடப்புறக் கீழ்மூலையில் இருக்கும் அஸ்பிடிஸ்கே.

அவியோர் என்ற பெயரைப் பழைய நூல்களில் தேட வேண்டாம், அது பழம்பெயரே இல்லை. 1930-களில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக வழிகாட்டி அட்டவணை தயாரித்தபோது, பட்டியலில் இருந்த இரண்டு மீன்களுக்குப் பெயரே இல்லாதிருந்தது. பெயரில்லாத மீனை விமானிகள் ஏற்கமாட்டார்கள் என்று படைத்தரப்பு சொல்லிவிட்டதால், அட்டவணை அலுவலகத்தார் உட்கார்ந்து சூட்டிய பெயர் இது.

உண்மைச் சிலுவையையும் பொய்ச் சிலுவையையும் பிரித்தறிய நான் பயன்படுத்தும் அடையாளம் அளவுதான். பொய்ச் சிலுவையின் நீண்ட கை 9 பாகைக்கு மேல், அதாவது நீட்டிய கைமுட்டியின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட வரும். உண்மைச் சிலுவையின் நீண்ட கை 6 பாகைதான். முதல்முறை பார்ப்பவர்கள் "இவ்வளவு சிறியதா?" என்று ஏமாறுவார்கள். ஆனால் சிறியதாக இருந்தாலும் அதன் மீன்கள் கூடுதல் ஒளியுடையவை, உச்சி மீன் கண்ணுக்கே சிவப்பாகத் தெரியும். பொய்ச் சிலுவையின் நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு மங்கலானவை. மேலும், உண்மைச் சிலுவைக்கு இடப்புறத்தில் ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்ற இரண்டு பெரிய மீன்கள் வழிகாட்டிகளாக நிற்கும். பொய்ச் சிலுவைக்கு அப்படி யாரும் துணையில்லை.

நீங்கள் கடற்கரையில் இருந்த பத்து மணிக்கு உண்மைச் சிலுவை அப்போதுதான் தென்கிழக்குக் கடல்மட்டத்தில் எழத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் கடைசியில் பத்தரை மணிக்குப் போனால் நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும்.

---

ஊரூர்க்குப்பத்துக்காரன் | மார்ச் 3, காலை 7:05

மேலே எழுதியவர் கரீனா என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சுவை இருப்பதால் நான் சொல்கிறேன்.

பண்டைய வானியலர் தாலமி காலத்திலிருந்து அந்தப் பகுதி முழுவதும் 'ஆர்கோ' என்ற ஒரே பெரிய கப்பலாகத்தான் இருந்தது. 1751-52-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை அளந்த பிரெஞ்சு வானியலர் லக்காய், கப்பல் கையாள முடியாத அளவுக்குப் பெரிதாக இருப்பதாகக் கருதி அதை மூன்றாகப் பிரித்தார். வேலா என்பது பாய்கள். பப்பிஸ் என்பது கப்பலின் பின்மேல்தளம், அதாவது நாங்கள் அமரம் என்று சொல்லும் பக்கம். கரீனா என்பது ஏரா, கலத்தின் முதுகெலும்பான அடிமரம். கனோபஸ் பழைய படங்களில் இந்தக் கப்பலின் சுக்கான் துடுப்பில் இருக்கிறது. மாலுமி உட்கார வேண்டிய இடத்தில் அகத்தியர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலையே குடித்தவருக்குக் கப்பல் எதற்கு என்று என் பாட்டி கேட்டிருப்பார்.

கப்பலைப் பிரித்த லக்காய், மீன்களுக்கு இட்ட கிரேக்க எழுத்துகளைத் தனித்தனியாகத் தொடங்கவில்லை. முழுக் கப்பலுக்கும் ஒரே வரிசையை இட்டுவிட்டார். அதனால் ஆல்பா, பீட்டா, எப்சிலான் எல்லாம் கரீனாவுக்குப் போய்விட்டன. வேலா காமாவிலிருந்துதான் தொடங்குகிறது, பப்பிஸுக்கு சீட்டாதான் முதல் எழுத்து. பாகப்பிரிவினையில் மூத்தவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட கதை.

இன்னும் ஒன்று. பழைய வானப் படங்களில் இந்தக் கப்பலுக்கு அணியம் கிடையாது, நடுவோடு வெட்டியதுபோல் பின்பாதி மட்டும்தான் வரைந்திருக்கும். அதோடு, இரவு செல்லச் செல்ல மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகரும்போது பின்மேல்தளம் முன்னே போகிறது, பாய் பின்னால் வருகிறது. அணியம் இல்லாத கலம், அமரத்தை முன்னே விட்டுக்கொண்டு, தெற்குக் கடலோரமாக ஒவ்வொரு இரவும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. திருவான்மியூரிலிருந்து கோவளம் பக்கம் பார்த்து நின்றால் இதை நீங்களே காணலாம்.

---

நுங்கம்பாக்கத்து_ஏடு | மார்ச் 3, மாலை 6:30

இலக்கியச் சான்று ஒன்றைச் சேர்க்கிறேன். பரிபாடலின் 11-ஆம் பாடல் வைகையில் வெள்ளம் வந்த காலத்துக் கோள்நிலையை விரிவாகச் சொல்கிறது. அதில் 'பொதியில் முனிவன்' மிதுனம் அடைவதாக ஒரு தொடர் வருகிறது. அங்கே பொதியில் முனிவன் என்பது இந்த மீனையே குறிக்கிறது என்பது உரைமரபு. கோள்களைப் போல ராசிக்கு ராசி நகராத நிலைமீன் எப்படி ஒரு ராசியை 'அடையும்' என்று கேட்பவர்கள் உண்டு. என் அளவில், நம் பஞ்சாங்கங்கள் பின்பற்றும் நிரயணக் கணக்கில் கனோபஸின் தீர்க்கரேகை மிதுனத்துக்குள்தான் விழுகிறது என்பதையாவது மறக்கக் கூடாது. புலவர் வானத்தைப் பார்க்காமல் எழுதவில்லை. வராகமிகிரரும் பிருகத் சம்ஹிதையில் அகத்தியரின் உதயத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அந்த மீன் விடியலில் மீண்டும் தோன்றும்போது கலங்கிய நீர் தெளிவதாகச் சொல்கிறார். சென்னையில் அது மே கடைசியில் மாலை வானத்திலிருந்து மறைந்து, ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் விடியற்காலையில் தென்கிழக்கே திரும்பி வருகிறது. ஆடி முடிவதற்குள் முதல் தரிசனம் என்று கொள்ளலாம். மார்கழியில் விடியற்காலை நான்கு மணிக்குக் கோலம் போட எழுபவர்கள் தென்மேற்கே தாழ்ந்திருக்கும் அதே மீனைத்தான் பார்க்கிறார்கள்.

பலர் கவனிக்காத ஒரு செய்தி: பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டாயிரம் ஆண்டுகளில் தென்வான மீன்களின் உயரம் நிறைய மாறிவிட்டது. தெற்குச் சிலுவை சங்க காலத்தில் இன்றைவிடச் சுமார் 11 பாகை உயரமாக நின்றது, இன்று சென்னையில் அது வீட்டுக் கூரைகளுக்கு நடுவில் தேட வேண்டிய நிலைக்கு இறங்கிவிட்டது. அகத்தியர் மீனோ இருக்கும் இடத்தின் காரணமாக, அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பாகைகூட மாறவில்லை. மதுரையில் அன்று அந்தப் புலவர் பார்த்த அதே உயரத்தில்தான் இன்றைக்கும் பார்க்கிறோம்.

தென்வானத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க்காரர் ஒருவரை விட்டுவிடக் கூடாது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட மதராஸ் வானாய்வகம் இன்றைய வானிலை மைய வளாகத்துக்குள் இருந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இப்போதும் அங்கே நிற்கிறது. அங்கே நார்மன் போக்சனின் கீழ் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867-இல் ரெட்டிகுலம் என்ற மண்டலத்தில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்ற அந்த மீன் கனோபஸைவிட இன்னும் பத்து பாகை தெற்கே இருப்பது. அதாவது மதராஸில் உச்சநிலையிலேயே 14 பாகைக்கு மேல் எழாத ஒன்று. அடிவானப் புழுக்கத்தின் ஊடாக அதன் ஒளி கூடுவதையும் குறைவதையும் அவர் பிடித்தார் என்பதை நினைத்தால், தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது என்று நாம் அலுத்துக்கொள்வது கூச்சமாக இருக்கிறது.

---

பட்டாபிராம்_பைனாகுலர் | மார்ச் 4, இரவு 11:50

எல்லாரும் கனோபஸையே சுற்றி வருகிறீர்கள். கரீனாவின் உண்மையான நாடகம் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் வேறொரு மீனில் நடக்கிறது. அதன் பெயர் ஈட்டா கரீனே.

1677-இல் செயிண்ட் ஹெலினா தீவில் ஆங்கில வானியலர் ஹாலி அதை நான்காம் தரமான, அதாவது பொலிவெண் 4 அளவுள்ள, சாதாரண மீனாகக் குறித்தார். 1837-இல் அது பெருவெடிப்புக்குள் நுழைந்தது. 1843 மார்ச்சில் கனோபஸையே மிஞ்சி, வானத்தில் சிரியஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒன்று, 310 ஒளியாண்டிலுள்ள கனோபஸை மங்கச் செய்தது என்றால் அது எவ்வளவு ஒளியைக் கொட்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் அது சூரியனைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பொருளை வெளியே எறிந்தது. வழக்கமாக இப்படி வெடிக்கும் மீன் மிஞ்சாது, இது மிஞ்சியது. எறிந்த பொருள் இரண்டு குமிழ்களாக ஊதிப் பெருகி இன்றும் அதைப் போர்த்தியிருக்கிறது. தூசியால் மறைந்து வெறுங்கண்ணுக்கே தெரியாமல் போன மீன், சென்ற நூற்றாண்டில் மெல்லத் திரும்ப ஏறி, இன்று மீண்டும் நான்காம் தரத்தை ஒட்டி நிற்கிறது. உள்ளே இருப்பது ஒன்றல்ல, ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு பெருமீன்கள். அவற்றில் பெரியது என்றாவது ஒரு நாள் முழுமையாக வெடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். தொலைவில் இருப்பதால் நமக்கு ஆபத்தில்லை.

அதைச் சுற்றியுள்ள கரீனா நெபுலா என்ற வாயு, தூசி மேகம், முழு நிலவின் அகலத்தைப் போல் நான்கு மடங்கு பரந்தது. 2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியானபோது, பழுப்பு மலைகள் போல ஒன்று எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றியதே, அது இந்தப் பகுதியின் ஓரத்தில் இருக்கும் என்.ஜி.சி. 3324 என்ற பட்டியல் எண் கொண்ட பகுதியின் விளிம்புதான். பக்கத்தில் மூன்று பாகை கிழக்கே என்.ஜி.சி. 3532 என்ற மீன்கொத்து இருக்கிறது. ஹபிள் தொலைநோக்கி 1990 மே 20 அன்று எடுத்த முதல் படம் அந்தக் கொத்தினுடையது. தீட்டா கரீனே மீனைச் சுற்றி இன்னொரு கொத்து உண்டு, ஐ.சி. 2602. நம் கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கத்தி உறவு என்று அதைச் சொல்வார்கள். பைனாகுலரில் மூன்றையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம்.

சென்னைக்குள்ளிருந்து இவற்றில் எதுவும் தெரியாது, வீண் முயற்சி வேண்டாம். ஈட்டா கரீனே இங்கே 17 பாகைதான் ஏறும், அந்த உயரத்தில் நகரத்தின் மஞ்சள் புகைமூட்டம்தான் தெரியும். மாமல்லபுரம் போனால் தெற்கே கல்பாக்கத்து விளக்குகள். போன ஆண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'நட்சத்திர இரவு' என்று விளம்பரம் செய்த ஒரு விடுதிக்குப் பணம் கட்டிப் போனோம். மணலில் மெத்தை எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள், ஆனால் தென்னை மரங்களுக்குக் கீழிருந்து பச்சை விளக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள், கேட்டால் விருந்தினர் பாதுகாப்பு என்றார்கள். நிலவைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் போவது கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரையில் தெற்குப் பக்கம் ஓரளவு இருட்டாக இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் இரவு பத்து மணிக்கு ஈட்டா கரீனே நேர் தெற்கில் வரும். அமாவாசையை ஒட்டிப் போங்கள், கொசுவர்த்தி மறக்காதீர்கள்.

---

தென்வானம்_பார்ப்பவன் | மார்ச் 5, காலை 6:20

பட்டாபிராம் நண்பர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் மட்டும். சென்னைக்குள் எதுவும் தெரியாது என்பது சற்று அதிகம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து 10×50 பைனாகுலரில் என்.ஜி.சி. 3532 ஒரு பொடித்த உப்புத் திட்டாகத் தெரிந்திருக்கிறது. நெபுலா தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரீனாவின் இரண்டாவது பெரிய மீனான மியாப்ளாசிடஸைத் தேடுவது எனக்கு ஒரு தனிப் பொழுதுபோக்கு. 113 ஒளியாண்டு தொலைவிலுள்ள அது முதல் இருபத்தைந்து முப்பது பிரகாச மீன்களின் வரிசையில் வருவது. ஆனால் தெற்கே 69.7 பாகையில் இருப்பதால் சென்னையில் 7 பாகைக்கு மேல் எழுவதே இல்லை. அவ்வளவு தாழ்வில் அதன் ஒளி தலைக்கு மேலே இருப்பதைவிட ஏழெட்டு மடங்கு காற்றைத் துளைத்து வர வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் நான் அதை நிச்சயமாகப் பார்த்தது மூன்று முறைதான்.

---

மடிப்பாக்கம்_மாடிவீடு | ஏப்ரல் 27, பிற்பகல் 2:10

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும், மகனுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் அமைதியாக உட்கார முடிந்தது.

கோணமானிச் சோதனையை மார்ச் 7-ஆம் தேதி செய்தோம். உறிஞ்சுகுழாய்க்குப் பதிலாகப் பழைய பேனாவின் குழல், நட்டுக்குப் பதிலாக என் தைக்கும் இயந்திரத்தின் பாபின். முதல் தடவை அளந்தபோது 41 பாகை வந்தது. எப்படி என்று குழம்பி நிற்கையில், அளந்துகொண்டிருந்த நட்சத்திரம் சத்தம் போட்டுக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் பறந்து போய்விட்டது. அடுத்த ஐந்து முறை ஒழுங்காக அளந்து சராசரி எடுத்ததில் 23 வந்தது. அம்பாசமுத்திரத்தில் என் அண்ணன் மகள் அதே மாலையில் அளந்தாள், 28 என்றாள். "நான் சொன்னேன் இல்லையா" என்று அப்பா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஊர்களுக்கும் வடக்கு-தெற்காக உள்ள தொலைவை வரைபடத்தில் பார்த்ததில் சுமார் 470 கிலோமீட்டர் வந்தது. ஐந்து பாகைக்கு 470 என்றால் 360 பாகைக்கு 33,840 கிலோமீட்டர். உண்மையான சுற்றளவு 40,000 என்று பாடப்புத்தகத்தில் பார்த்துவிட்டு, ஆறாயிரம் கிலோமீட்டர் எங்கே போனது என்று மகன் அண்ணன் மகளோடு தொலைபேசியில் சண்டை போட்டான். வித்தியாசம் உண்மையில் நாலே கால் பாகைதான் இருக்க வேண்டும், முக்கால் பாகைப் பிழையில் ஆறாயிரம் கிலோமீட்டர் போய்விட்டது என்று நான் கணக்குப் போட்டுக் காட்டியபின், அந்த முக்கால் பாகை யாருடையது என்பதில் சண்டை தொடர்கிறது.

நேற்று முன்தினம் இரவு பத்தரை மணிக்கு மறுபடியும் திருவான்மியூர் போனோம். அகத்தியர் மீன் ஏற்கனவே இறங்கிவிட்டிருந்தது. நேர் தெற்கே, நீங்கள் எல்லாரும் சொன்னபடியே, எதிர்பார்த்ததில் பாதி அளவுக்கு ஒரு சிலுவை நிமிர்ந்து நின்றது. உச்சி மீன் சிவப்பு, இடப்புறம் இரண்டு வழிகாட்டிகள். பொய்ச் சிலுவை அதற்கு வலப்புறம் தள்ளி, தென்மேற்கில் கவிழ்ந்து சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தபோது எப்படித்தான் குழம்பினோம் என்று இருந்தது. என் கணவர் வெகுநேரம் பேசாமல் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய சிலுவைதான் பார்க்க நன்றாக இருக்கிறது, கொடியில் அதைப் போட்டிருக்கலாம் என்றார்.

---

ஊரூர்க்குப்பத்துக்காரன் | ஏப்ரல் 27, மாலை 5:45

அடுத்த தை மாதம் அதே பாபினை வைத்து அளக்கச் சொல்லுங்கள் அம்மா. ஜனவரி முதல் வாரத்தில் நள்ளிரவை ஒட்டித்தான் நேர் தெற்கே வரும், பொங்கல் விடுமுறையில் பதினோரு மணிக்கு விழித்திருக்க அனுமதி கொடுத்துவிட்டால் போதும். தண்ணீர்த் தொட்டிக்காரரிடம் மட்டும் இன்னொரு தொட்டி கட்ட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.